சம்மனசுகளைச் சுட்டது யார்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ப்ளைத்பர்க் என்ற ஊரில் இருக்கும் பரிசுத்த திரித்துவ தேவாலயத்தைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். கூரையில் மரத்தால் செய்த சம்மனசுகள் (தேவதூதர்கள்) இருக்கின்றன, 500 வருஷத்துக்கும் மேலாக அப்படியே இருக்கின்றன என்று. அவ்வளவுதான். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை சமையல், சினிமா, அரசியல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முழுக்க இந்த ஒரே சர்ச்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): கூகுள் மேப்பில் பார்த்தேன். ஊர் என்று சொல்ல நாலு தெருகூட இல்லை. அங்கே எதற்கு இவ்வளவு பெரிய சர்ச்?

இப்போது பார்த்தால் அப்படித்தான். கட்டிய காலத்தில் அது துறைமுகம். ப்ளைத் ஆற்றில் கடலிலிருந்து கப்பல் ஏறி வரும், சந்தை நடக்கும், காசு புரண்ட ஊர். பக்கத்திலேயே அகஸ்டீனியன் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. 1412-இல் அந்த மடத்துக்கு சர்ச்சைப் புதிதாகக் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. 14ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் 15ஆம் நூற்றாண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினார்கள். சாகிறவர்கள் உயிலில் 'பீடப் பகுதிக்கு இவ்வளவு', 'ஜன்னலுக்கு இவ்வளவு' என்று எழுதி வைத்துப் போனார்கள்.

அப்புறம் ஆறு மண்மூடியது, கப்பல்கள் பெரிதாகிவிட்டன, வியாபாரம் வேறு ஊருக்குப் போனது. 1537-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மடத்தையும் மூடிவிட்டார்கள். மிஞ்சியது சதுப்பு நிலமும், சுமார் 127 அடி நீளத்துக்கு ஒரு சர்ச்சும். தூரத்திலிருந்து பார்த்தால் நாணல் காட்டுக்கு மேலே கப்பல் தரைதட்டி நிற்கிற மாதிரி இருக்கும். 'சதுப்பு நிலத்துக் கதீட்ரல்' என்று செல்லப்பெயர். உண்மையில் அது கதீட்ரல் இல்லை, பிஷப் யாரும் அங்கே இருந்ததில்லை, சாதாரணப் பங்குக் கோயில்தான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். ஊர் பணக்கார ஊராகவே இருந்திருந்தால் 18ஆம் நூற்றாண்டில் யாராவது ஒரு கனவான் வந்து, 'இதெல்லாம் பழைய மாடல்' என்று இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார். கையில் காசு இல்லாததால்தான் பழசு பிழைத்தது.

ஊர்க்காரர்கள் வாயில் அந்த ஊர்ப் பெயர் 'ப்ளைபரா' என்றுதான் வரும். எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. நம் 'தூத்துக்குடி'யை அவர்கள் 'டூட்டிகோரின்' ஆக்கியதற்கு இது பரவாயில்லை.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): சுவர் என்ன கல்? படத்தில் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரிகிறது.

சிக்கிமுக்கிக் கல். கிழக்கு இங்கிலாந்தின் அந்தப் பக்கத்தில் பாறை கிடையாது. நல்ல கட்டடக் கல் வேண்டுமென்றால் வெளியிலிருந்து படகில் கொண்டுவர வேண்டும், செலவு தாங்காது. ஆனால் வயலில் உழுதால் சிக்கிமுக்கி உருண்டை உருண்டையாக வெளியே வரும். அதை உடைத்தால் உள்ளே கண்ணாடி மாதிரி கறுப்பாக மினுக்கும். அந்த உடைத்த முகத்தை வெளியே பார்க்க வைத்து, நடுவே வெளியூர் வெள்ளைக் கல்லைச் செதுக்கிப் பதித்து, கோலம் போட்ட மாதிரி வேலை செய்திருக்கிறார்கள். வெள்ளைக் கல்லைச் சிக்கனமாக எங்கே கண்ணில் படுமோ அங்கே மட்டும் பயன்படுத்துகிற யுக்தி இது. இல்லாமையிலிருந்து ஒரு கலையே வந்துவிட்டது.

கிழக்குப் பக்கம் பெரிய ஜன்னலுக்குக் கீழே, வெளிச்சுவரில், தனித்தனி எழுத்துகள் வரிசையாகப் பதித்திருக்கும். வார்த்தை எதுவும் கிடையாது, வெறும் முதலெழுத்துகள். இயேசுவின் பெயரால், திரித்துவத்தின் பெயரால், மரியாள், அன்னாள், கேத்தரின் ஆகிய புனிதர்களின் மகிமைக்காகத் திரும்பக் கட்டப்பட்டது என்ற லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகளாக இருக்கலாம் என்று படிக்கிறார்கள். எழுதியவன் விளக்கம் வைத்துவிட்டுப் போகவில்லை, ஆகவே இதுவும் ஊகம்தான், நல்ல ஊகம்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): சம்மனசுகள் எங்கே, எப்படி இருக்கின்றன? நெருங்கிப் பார்க்க முடியுமா?

முடியாது, அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். (எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் வீடுகளில் 'தேவதூதர்' என்று யாரும் சொல்வதில்லை, சம்மனசுதான். அந்த வார்த்தையே இங்கே பொருத்தமாக இருப்பதால் அதையே வைத்துக்கொள்கிறேன்.)

உள்ளே நுழைந்ததும் முதலில் தாக்குவது வெளிச்சம். மேல்வரிசையில் பக்கத்துக்கு 18 ஜன்னல்கள், நெருக்கமாக. பழைய வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் போய்விட்டதால் எல்லாம் வெற்றுக் கண்ணாடி. சுவரெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை, தரை பழைய செங்கல். ஜனங்கள் உட்காரும் பகுதிக்கும் பீடப் பகுதிக்கும் நடுவே வழக்கமாக ஒரு வளைவு இருக்கும், இங்கே அது கிடையாது. மேற்கிலிருந்து கிழக்குக் கோடி வரை ஒரே கூரை ஓடுகிறது. சரிவு மிகக் குறைவு, கிட்டத்தட்ட மட்டமான கூரை. சுவரிலிருந்து சுவருக்குக் கனமான உத்தரங்கள். உத்தரங்களின் நடு மையத்தில் இரண்டிரண்டு சம்மனசுகள் முதுகோடு முதுகு ஒட்டி, ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே பார்க்க, சிறகை விரித்துப் படுத்த வாக்கில். கையில் உள்ளூர்க் குடும்பங்களின் கேடயச் சின்னம். கைமரங்களில் பழைய சாயம் இன்னும் தெரிகிறது. வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்பும் பச்சையுமாக அச்சு வைத்துப் போட்ட பூக்கள், இயேசுவின் பெயர்ச் சுருக்கம். வெளுத்துப்போய், நைந்த பட்டுப் புடவைக் கரை மாதிரி. திரும்ப வண்ணம் அடிக்காமல் விட்டவர்களுக்கு ஒரு கும்பிடு.

கூரையில் சம்மனசு வைப்பது ஒரு காலத்து மோஸ்தர். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலுக்கு 1390களில் ஹியூ ஹெர்லண்ட் என்ற தச்சர் போட்ட கூரையில் சம்மனசுகள் உண்டு. அதற்கப்புறம் கிழக்கு இங்கிலாந்து ஊர்களெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு வைத்தன. பிழைத்ததில் பெரும்பகுதியும் அந்தப் பக்கத்தில்தான்.

கேள்வி (சென்னை வாசகர்): அந்தச் சம்மனசுகளின் சிறகில் துப்பாக்கிக் குண்டுத் துளை இருக்கிறதாமே. குரோம்வெல் ஆட்கள் சுட்டது என்று யூடியூபில் சொன்னார்கள். நிஜமா?

துளை நிஜம். குரோம்வெல் கதை பொய். இந்தக் கேள்விக்குத்தான் இந்த முறை அதிகக் கடிதம், ஆகவே கொஞ்சம் விரிவாக.

கதை இப்படிப் போகும்: 17ஆம் நூற்றாண்டில், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில், நாடாளுமன்றப் பக்கத் தளபதி குரோம்வெல்லின் பியூரிட்டன் படையினர் (சர்ச்சில் படமும் சொரூபமும் கூடவே கூடாது என்ற கறார் புராட்டஸ்டண்டுகள்) சர்ச்சுக்குள் புகுந்தார்கள், குதிரைகளைத் தூணில் கட்டினார்கள், சம்மனசுகளைக் குறிவைத்துச் சுட்டார்கள். தூணில் இரும்பு வளையங்கூட இருக்கிறது, 'பார் அத்தாட்சி' என்று காட்டுவார்கள். வளையம் இருக்கிறது, சரி. ஆனால் தூணில் வளையம் அடிக்க ஆயிரம் காரணம் இருக்கலாம்.

1970களில் கூரையைப் பழுது பார்த்தபோது மரத்தில் சிக்கியிருந்த ஈயச் சில்லுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்னொரு பக்கம் சர்ச்சின் பழைய கணக்குப் புத்தகத்தில், 1761-இல், ஜாக்டா என்கிற சின்னக் காக்கைகளைச் சுட மருந்துக்கும் ரவைக்கும் பணம் கொடுத்ததாகப் பதிவு. முடிந்தது கதை. சமயப்போர் இல்லை, காக்கைத் தொல்லை. கூரையில் கூடு கட்டிக் கீழே எச்சம் போட்ட காக்கையை நிர்வாகமே ஆள் வைத்துச் சுட்டிருக்கிறது, குறி தவறியது சம்மனசின் சிறகில் பட்டிருக்கிறது. எனக்கு இந்தக் கதைதான் அதிகம் பிடிக்கிறது. வில்லன் இல்லாத கதை பரவாது என்பதால் வழிகாட்டிகளுக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி (அதே சென்னை வாசகர், அடுத்த தாளில்): அப்படியானால் பியூரிட்டன்கள் இங்கே ஒன்றுமே செய்யவில்லையா?

செய்தார்கள். ஆனால் துப்பாக்கியோடு இல்லை, உத்தரவோடும் ஏணியோடும்.

வில்லியம் டௌசிங் என்று ஒருவர். சஃபோக் விவசாயி, பியூரிட்டன். 1643 டிசம்பரில் நாடாளுமன்றப் படைத் தளபதி மான்செஸ்டர் பிரபு இவருக்கு அதிகாரம் கொடுத்தார்: கேம்பிரிட்ஜ், சஃபோக் பக்கத்து சர்ச்சுகளில் 'மூடநம்பிக்கை'ச் சின்னங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து அகற்றுவது வேலை. 250 இடங்களுக்கு மேல் போனார். போன இடத்திலெல்லாம் 6 ஷில்லிங் 8 பென்ஸ் கூலி என்று ஒரு கணக்கு, அதுவும் இடிபடுகிற சர்ச்சிடமே வசூல்! எங்கே என்ன உடைத்தோம் என்று நாட்குறிப்பும் எழுதினார். அது கிடைத்திருப்பதால் நமக்கு வசதி.

1644 ஏப்ரல் 9-ஆம் தேதி ப்ளைத்பர்க். குறிப்பின் சாரம்: 20 படங்கள், முகப்பிலும் கோபுரத்திலும் சிலுவைகள், 'இன்னாரின் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்' என்று எழுதிய மூன்று வாசகங்களைத் தானே உடைத்தார், 200-க்கும் மேற்பட்ட படங்களை எட்டு நாளைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. அப்புறம், கூரையில் உள்ள 20 கெருபீன்களையும் (நம் சம்மனசுகளைத்தான் அப்படிச் சொல்கிறார்) இறக்க வேண்டும்.

இங்கேதான் விஷயம். டௌசிங் எல்லாவற்றையும் தன் கையால் உடைக்கவில்லை. கெடு வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார், மிச்சத்தை ஊர்க்காரர்களே செய்ய வேண்டும். கண்ணாடிப் படங்கள் எட்டுகிற உயரம், கல்லெறிந்தாலே போதும், போயே போய்விட்டன. ஜன்னல் உச்சியில் துண்டு துண்டாகக் கொஞ்சம்தான் மிச்சம். சம்மனசுகளோ அந்த உயரத்தில், உத்தரத்தோடு சேர்த்துப் பொருத்தியவை. ஏணி வேண்டும், சாரம் வேண்டும், ஆள் கூலி வேண்டும். ஊர் தள்ளிப்போட்டது. அரசாங்கம் கேட்ட விவரத்தைத் தாலுக்கா ஆபீசில் 'அனுப்புகிறோம் ஐயா' என்று இழுத்தடிக்கிற அதே கலை. பக்தியால் காப்பாற்றினார்களா, சோம்பலாலா, செலவுக்குப் பயந்தா? மூன்றும் கலந்துதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. எல்லாப் பழியையும் டௌசிங் தலையில் போடுவது நியாயமில்லை. அவருக்கு நூறு வருஷம் முன்பே, ஆறாம் எட்வர்ட் காலத்தில், சிலுவை உருவம், சொரூபம், கல் பீடம் எல்லாம் நாடு முழுக்க அரசாணையால் போய்விட்டன. டௌசிங் வந்தது மிச்சம் மீதிக்கு.

கேள்வி (கோவை வாசகி): பெஞ்சுகளில் ஏழு பாவங்களைச் செதுக்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எந்தப் பாவம் உங்களுக்குப் பிடித்தது?

வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். சோம்பல்தான். ஒரு ஆள் கட்டிலில் போர்வை போர்த்தி ஜம்மென்று படுத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குக் கிளம்பி வந்து உட்கார்ந்தவனுக்குப் பக்கத்திலேயே வராதவனின் உருவம்! செதுக்கிய தச்சனுக்கு நல்ல நக்கல்.

பெஞ்சின் ஓரப் பலகை உச்சியில் இந்தப் பொம்மைகள் இருக்கின்றன, சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் அவ்வளவுதான். பேராசைக்காரன் பணப்பெட்டி மேலேயே உட்கார்ந்திருக்கிறான். பெருந்தீனிக்காரன் தொந்தியைக் கையால் தாங்கிப் பிடித்திருக்கிறான். புறங்கூறுகிறவனுக்கு நாக்கு வெளியே தொங்குகிறது. வேஷக்காரன் கைகூப்பி ஜெபிக்கிறான், ஆனால் கண் திறந்திருக்கிறது. குடிகாரனைத் தொழுமரத்தில் (தண்டனையாகக் காலைப் பூட்டி வைக்கிற கட்டை) மாட்டி வைத்திருக்கிறார்கள். பாவங்கள் மட்டும் இல்லை. பருவங்களுக்கு ஏற்ற வயல் வேலைகள், பசித்தவனுக்குச் சோறு போடுவது மாதிரியான இரக்கச் செயல்கள், எல்லாம் கலந்து.

இவை ஏன் தப்பின என்று யோசித்தால் அதிலும் ஒரு வேடிக்கை. புனிதர் சொரூபம் என்றால் யாராவது முழங்காலிடுவார்கள், ஆகவே உடைக்க வேண்டும். தொந்திக்காரனை யார் கும்பிடப் போகிறார்கள்? பாவிகள் பிழைத்தார்கள், புனிதர்கள் போனார்கள். உட்கார ஒரு பெஞ்சு எந்த மதக் கட்சிக்கும் தேவைதானே.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): கறுப்பு நாய்ப் பேய் வந்து கதவில் நகக்குறி வைத்துப் போனதாமே?

வடக்குக் கதவில் கருகிய தடங்கள் இருக்கின்றன. விரலால் கீறிய மாதிரித்தான் தெரியும், நானும் என் விரலை வைத்துப் பார்க்க நினைத்துக் கடைசி நேரத்தில் கையை எடுத்துக்கொண்டேன்.

நடந்தது இது. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு, வழிபாட்டு நேரம். பயங்கர இடி மின்னல். கோபுரத்தின் மேலிருந்த ஊசிக் கூம்பு சரிந்து கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. ஆட்கள் செத்தார்கள், சிலருக்குத் தீக்காயம். இன்று வரை கோபுரம் மொட்டையாகத்தான் நிற்கிறது, திரும்பக் கூம்பு வைக்கவில்லை. அதே நாள் பங்கே என்ற பக்கத்து ஊர் சர்ச்சிலும் இடி விழுந்து இருவர் இறந்தார்கள்.

உடனே லண்டனில் ஏபிரகாம் ஃப்ளெமிங் என்பவர் ஒரு சிறு பிரசுரம் போட்டார், பிசாசு கறுப்பு நாய் உருவில் இரண்டு சர்ச்சுகளிலும் ஓடியதாக. பங்கே சர்ச்சின் சொந்தக் கணக்கேட்டில் புயலும் சாவும் இருக்கின்றன, நாய் இல்லை. மிச்சத்தை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். தடங்களைப் பொறுத்தவரை, பழைய இங்கிலாந்து வீடுகளிலும் சர்ச்சுகளிலும் மரத்தில் இப்படிக் கண்ணீர்த் துளி வடிவத்தில் கருகிய குறிகள் நிறைய உண்டு. கெட்டது அண்டாமல் இருக்க மெழுகுத்திரியை வேண்டுமென்றே பிடித்துச் சுட்டவை அவற்றில் பல என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது இந்தக் கதவுக்கும் பொருந்தினால், நாயை விரட்ட வைத்த குறியே நாயின் குறியாகிவிட்டது என்று ஆகும்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): ஞானஸ்நானத் தொட்டி, உண்டியல் மாதிரி பழைய சாமான்கள் வேறு என்ன மிச்சம்?

தொட்டி இருக்கிறது, எட்டுப் பட்டை. ஆனால் எட்டு முகத்திலும் இருந்த சிற்பங்களை உளி வைத்துச் சீவி மழமழவென்று ஆக்கிவிட்டார்கள். உண்டியலும் இருக்கிறது, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, முகப்பில் ஜன்னல் வேலைப்பாடு செதுக்கிய மரப்பெட்டி. நன்கொடை கொடுத்த நிலப்பிரபு ஜான் ஹாப்டனின் கல்லறை பீடத்துக்கு வடக்கே இருக்கிறது. மேலே பதித்திருந்த பித்தளை உருவங்களைப் பிடுங்கி விற்றுவிட்டார்கள், கல்லில் பள்ளம் மட்டும். வாசல் மண்டபத்துக்கு மேல் ஒரு சின்ன அறை உண்டு.

மணியடிக்கும் மரப் பொம்மை ஒன்றும் உண்டு, கயிற்றை இழுத்தால் தலையைத் திருப்பி மணியைத் தட்டும். வழிபாடு தொடங்கப் போகிறது என்று அர்த்தம். அது 1682-ஐச் சேர்ந்தது, மத்திய காலம் இல்லை. ஆனால் குழந்தைகள் அதைப் பார்த்தபின் சம்மனசைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்கு மனதில் நிற்பது இன்னொன்று. அப்போஸ்தலர்களின் உருவம் வரிசையாகச் செதுக்கிய பழைய இருக்கைப் பலகைகளை ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மேசையாக்கிவிட்டார்கள். மைக்கூடு வைக்கத் துளை போட்டிருக்கிறார்கள். அதில் டர்க் லோவர்சன் என்ற பையன், ஸ்டாக்ஹோமைச் சேர்ந்தவன், 1665 என்று பெயரும் வருஷமும் கத்தியால் கீறி வைத்திருக்கிறான். வகுப்பில் என்ன பாடம் ஓடிக்கொண்டிருந்ததோ.

கேள்வி (ஈரோடு வாசகர்): எல்லாம் உடைந்தும் வெளுத்தும் கிடக்கிறது என்கிறீர்கள். வசதியான நாடுதானே, நன்றாகப் புதுப்பித்து வண்ணம் அடித்தால் என்ன?

ஐயா, நல்ல வேளை நீங்கள் அந்த ஊரில் இல்லை. 1881-இல் கிட்டத்தட்ட அதுதான் நடக்க இருந்தது. மழை பெய்தால் உள்ளே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். கட்டடம் ஆபத்து என்று நாரிச் பிஷப் மூடச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்துப் 'புதுப்பித்தல்' என்றால் பழைய பூச்சைச் சுரண்டி, தரையைப் பெயர்த்து, பளபளவென்று ஓடு பதித்து, பழசு மாதிரியே புதுசு செய்து வைப்பது. கலைஞரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் நடுவே புகுந்து, ஒழுகுவதை அடையுங்கள், விழுவதைத் தாங்குங்கள், அதற்கு மேல் கை வைக்காதீர்கள் என்று சண்டை போட்டது. ஊர்க்காரர்களுக்கு எரிச்சல், மழையில் நனைவது அவர்கள்தானே, அதையும் சொல்ல வேண்டும். கையில் பணமும் குறைவு, ஆகவே வேலை மெதுவாகவும் குறைவாகவும் நடந்தது. 1884-இல் திறந்தார்கள்.

அந்தக் கூரைக்குக் கீழே இசை கேட்டவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 1969-இல் அதே சஃபோக்கில் நடக்கும் ஆல்ட்பரோ இசை விழாவின் அரங்கம் தீப்பிடித்து எரிந்ததும் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் மோட்சார்ட்டின் 'இடோமினியோ' ஓபராவை அப்படியே தூக்கி இந்த சர்ச்சில்தான் நடத்தினார்.

கேள்வி (லண்டன், ஈஸ்ட் ஹாமிலிருந்து வாசகி): ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு போய் வரலாமா?

தாராளமாக. காரில் போனால் ஏ12 சாலையே பக்கத்தில் போகிறது, ஆற்றைத் தாண்டுமுன்பே கோபுரம் கண்ணில் படும். ரயில் என்றால் இப்ஸ்விச்சில் மாறி டார்ஷமிலோ ஹேல்ஸ்வொர்த்திலோ இறங்கி அங்கிருந்து டாக்ஸி. முன்கூட்டிச் சொல்லி வையுங்கள், வாசலில் ஆட்டோ நிற்காது. பைனாகுலர் கட்டாயம், இல்லையென்றால் கூரையில் பாதி வீண். காலையிலேயே போங்கள், கிழக்கு ஜன்னல் வெளிச்சம் அப்போதுதான் நன்றாக இருக்கும். பக்கத்திலேயே சௌத்வோல்ட், அங்கேயும் பழைய சர்ச் ஒன்று இருக்கிறது, வண்ணம் தீட்டிய 15ஆம் நூற்றாண்டு மரத்தட்டியோடு. முகங்களை மட்டும் சுரண்டிவிட்டார்கள். கடற்கரையும் உண்டு, பிள்ளைகள் சர்ச்சில் சலித்துப்போனால் கைகொடுக்கும். குளிர்காலத்தில் போவதாக இருந்தால் உள்ளேயும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம். நான் கழற்றிவிட்டு ஒரு வாரம் தும்மினேன்.